துரைக்கு யார் மண்டோர்?

அந்த வெள்ளைக்காரர் முதல்நாள் மாடிப்படி ஏறி வந்தபோது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வரும். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், காலில் கிடந்த ஜப்பான் சிலிப்பரைக் கழற்றித் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாகச் செய்தது. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள், செருப்புப் போட்டவர்கள் கழற்றுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த கால் அது.

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அப்போதே எனக்கு ஒன்று இடித்தது. நான் பார்த்த துரைமார்கள் யாரும் என்னைப் பார்த்துத் தலை ஆட்டியதில்லை. இவருடைய காலுறை ஒன்று ஒரு நிறம், மற்றது வேறு நிறம்.

மலேசியாவில் எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனையை நட்டார்கள். வீட்டுக்காரர் சிலிம் ரிவர் பக்கம் செம்பனைக் காட்டு வேலைக்குப் போய்விட்டார், சம்பளம் போட்டால் வருவார். நானும் மகளும் ஈப்போவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்தோம். எனக்கு ஒரு டியூஷன் சென்டரில் கூட்டித் துடைக்கிற வேலை. கீழே பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடை, மேலே எங்கள் சென்டர். முதலாளி எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியாரின் மகன். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலை கொடுத்தார். அதோடு ஒரு சலுகையும் கொடுத்தார்: என் மகள் காசு கட்டாமல் வகுப்பில் உட்காரலாம்.

அந்தச் சலுகைக்காகத்தான் நான் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தேன். மகள் அப்போது ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, மலாய் பழக்குகிற ரிமூவ் கிளாசில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் எல்லாம் மலாயில் படித்தவள். இங்கிலீஷ் அவளுக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு நர்ஸ் ஆகவேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் பெண்களை எடுப்பார்கள். பரீட்சை முடிந்ததும் தலைமை நர்சான மேட்ரன் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். இங்கிலீஷில்தான் பேசுவார். பேச வராவிட்டால் சட்டை தைக்கிற தொழிற்சாலைதான் கதி. நான் ஆறாம் வகுப்போடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவள். இவள் போய் ஒரு சத்தம் போடுகிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது.

அந்த சென்டரில் ஏற்கெனவே ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருந்தார். தமிழ் அம்மா. பயிற்சிக் கல்லூரியில் படித்து, கவர்மென்ட் பள்ளியில் வேலை செய்தவர், சாயந்திரத்தில் இங்கே வருவார். அவரை வேலைக்கு எடுத்த அன்றைக்கு நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். பிளாஸ்டிக் உறையில் இருந்த சர்ட்டிபிகேட்டுகளை முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்காரர் வந்த அன்றும் நான்தான் தேத்தண்ணி வைத்தேன். முதலாளி எழுந்து நின்று கையைக் குலுக்கினார். உறையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மறுவாரம் அவருடைய படத்தைப் பெரிதாக்கி வாசல் பலகையில் மாட்டினார்கள். ஐந்தாம் பாரத்துப் பிள்ளைகளை அவரிடம் கொடுத்தார்கள். டீச்சரைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள்.

எனக்கு யாரிடமும் வாய் திறந்து கேட்கிற பழக்கம் கிடையாது. இருந்தாலும் தேத்தண்ணி வாங்கக் கீழே போனபோது பாயிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பாய், இந்தத் தொர எங்கேருந்து வந்தாரு?"

"சயாம்லேருந்து தங்கச்சி. முதுகுல ஒரு மூட்டை. இந்தா, இந்த மேசையிலதான் ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தான். ஒம் முதலாளி கோழியக் கண்ட நரி மாதிரி வந்து எதுக்க ஒக்காந்துட்டாரு."

"அங்கயும் வாத்தியாருதானா?"

"அத நான் எதுக்குக் கேக்கணும்? எங்கிட்ட ரொட்டி போட வாரவனையே நான் வாயால கேக்குறதில்ல. மாவக் கையில குடுத்து வீசுடாம்பேன். ரெண்டு வீச்சுல தெரிஞ்சிரும்லா."

"இவர யாரு பாய் வீசச் சொல்லிப் பாத்தா?"

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெள்ள மாவுக்கு அதெல்லாம் வேணாம் தங்கச்சி, தானா உப்பும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பப்ப பஸ் ஏறி சயாம் எல்லைக்குப் போயிட்டு மறுநாளே திரும்பி வந்துடுறான், கவனிச்சியா? பாஸ்போர்ட்ல சாப்பு அடிக்கவாம், முத்திர குத்துனாத்தான் இங்க தங்க விடுவாங்களாம். அப்படித்தான் சொல்றான்" என்றார்.

அந்த 'அப்படித்தான் சொல்றான்' எனக்குள் சந்தேகத்தைக் கிளப்பியது. சாப்பு அடிக்கத்தான் போகிறாரா, வேறு எதையாவது கொண்டுவரவா? கஞ்சா கொண்டுவந்தால் நம் நாட்டில் தூக்குக்கயிறு வரைக்கும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் பையை வைத்த இடத்தை நான் துடைக்கவே மாட்டேன். சுற்றித் துடைப்பேன்.

வகுப்பு நடக்கும்போது நடைவழியைத் துடைக்கிற சாக்கில் நின்று பார்ப்பேன். இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. ஆனால் ஒரு ஆள் வேலை செய்கிறதைப் பார்க்கத் தெரியும். அவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்து கதை பேசுவார். பிள்ளைகள் சிரிக்கும். யார் எதைச் சொன்னாலும் "குட், குட்" என்பார். முழித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் குட், மளமளவென்று பேசின பிள்ளைக்கும் குட். எனக்கு அந்த 'குட்'மேல்தான் சந்தேகம்.

ஏன் என்றால் எனக்குப் பால்வெட்டு பழக்கிவிட்ட முறை வேறு. தோட்டத்தில் புதிதாகக் கத்தி பிடிக்கிறவளுக்கு நல்ல மரத்தைக் கொடுக்கமாட்டார்கள். சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில் விடுவார்கள். ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே காயம் படும், அந்த இடம் முண்டுமுண்டாக வளரும், பிறகு அதில் வெட்ட முடியாது. கிழட்டு மரத்தில் காயம் பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பின்னாலேயே வருவார். என் முகத்தைப் பார்க்கமாட்டார், மரத்தைத்தான் பார்ப்பார். பட்டையில் விரலை வைத்துத் தடவி, "இங்க ஏன் எறங்குன?" என்பார். அவர் ஒருநாளும் குட் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போனால் அதுதான் குட்.

அந்த வெள்ளைக்காரர் எங்கே வெட்டிப் பழகினார்? எந்த மண்டோர் அவருக்குப் பின்னால் போனார்? ஒருவேளை இப்போதுதான் பழகுகிறாரா? அப்படியென்றால் எங்கள் பிள்ளைகள்தான் அந்தக் கிழட்டு மரங்களா? இதை நினைத்துக்கொண்டே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் மகளைக் கேட்டேன். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

"அவரு கிளாசுல பயமே இல்லம்மா. தப்பாச் சொன்னாலும் சிரிச்சிக்கிட்டே கேக்குறாரு."

"தப்புன்னு சொல்றாரா?"

"சொல்லமாட்டாரு."

"எங்க தப்புன்னு?"

"அதான் சொல்லமாட்டாருன்னுட்டேன்லா. நீ ஏன் சி.ஐ.டி. மாதிரி கேக்குற? டீச்சர் கிளாசுல வாயத் தொறந்தாலே ரூலர் வரும். யாரும் பேசவே மாட்டோம். இப்ப நான் எப்படிப் பேசுறேன் பாரு." என்னவோ வேகமாகப் பேசிக் காட்டினாள், தண்ணீர் கொட்டுகிற மாதிரி. மேட்ரனுக்கு இது போதுமா போதாதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலாளியிடமும் ஒருநாள் கேட்டுவிட்டேன். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். "மொதலாளி, அந்தத் தொரக்கி வாத்தியாரு சர்ட்டிபிகேட் இருக்குங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யக்கா, நீங்க தோட்டத்துல இருந்தவங்கதானே? தொரகிட்டப் போயி யாராச்சும் சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்பறம்? அவரு தாய்மொழிலா அது. மீனுக்கு நீச்சல் சர்ட்டிபிகேட் கேக்குறீங்களே!"

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படி இறங்கும்போதுதான் தோன்றியது: மீன் நன்றாக நீந்தும். ஆனால் எந்த மீன் யாருக்கு நீச்சல் பழக்கிவிட்டது?

பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டீச்சர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"மொதலாளி அனுப்பிச்சாரா? நான் வேற எடத்துக்குப் போறேனான்னு பாத்துட்டு வரச் சொன்னாரா?"

"இல்லிங்க டீச்சர். இவ பேசுறது சரியான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

என்னையும் சந்தேகப்பட ஆள் இருக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. உட்காரச் சொன்னார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வேகத்தோடு பேசினாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் வாயத் தொறக்குது. எங்கிட்ட இருந்தப்ப இவ்வளவு பேசல, அத ஒத்துக்குறேன்" என்றார். "ஆனா இது எந்த ஊரு இங்கிலீசும்மா? பாதி வார்த்தைய முழுங்கிடுது. அவங்க ஊர்ல மூட்ட தூக்குறவங்க, கட்டட வேலை செய்றவங்க இப்படித்தான் பேசுவாங்கபோல. மேட்ரன்கிட்டப் போயி இப்படிப் பேசுனா, கோர்ட்டுல ஜட்ஜப் பாத்து 'என்னா மச்சான்'னு கேக்குற மாதிரி இருக்கும்."

நான் ஒன்றும் விளங்காமல் கேட்டேன். "வெள்ளக்காரங்கள்ள ஏதுங்க டீச்சர் மூட்ட தூக்குறவங்க?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "பின்ன அவங்க ஊர்ல மூட்டைய யாரும்மா தூக்குவா? நாம போயா தூக்கிக் குடுக்குறோம்?"

மகளும் சிரித்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் அது என் புத்தியில் ஏறவேயில்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்த வெள்ளைக்காரர் எல்லாம் துரை, இல்லாவிட்டால் சின்னத்துரை. பங்களாவுக்கு வெளியே வாளி தூக்கிய வெள்ளைக்காரரை நான் கண்டதில்லை. அவர்கள் நாட்டிலும் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயங்கள் இருக்கும், லயத்துப் பேச்சு இருக்கும், காலையில் வேலைக்கு ஓடுகிற ஆட்கள் இருப்பார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? முதலாளிக்கும் அது தோன்றவில்லை, அவர் படித்தவர்தான். அவரும் தோட்டத்தில் பிறந்தவர் இல்லையா, வெள்ளையைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்குச் செருப்பு கழன்ற மாதிரி அவருக்குக் கேள்வி கழன்றுவிட்டது.

மறுநாள் சாயந்திரம் பேய்மழை. பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. வெள்ளைக்காரர் குடையில்லாமல் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு மார்க்கெட்டு மலாய் கொஞ்சம் வரும், எனக்கும் அவ்வளவுதான் வரும். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"துவான், சிக்கு வேலைய எங்க படிச்சிங்க?" என்று மலாயில் கேட்டேன். துவான் என்றால் ஐயா, சிக்கு என்றால் வாத்தியார்.

அவர் மழையைப் பார்த்தபடியே, "படிக்கல மாக்சிக்" என்றார். மாக்சிக் என்பது வயதில் மூத்த பெண்ணைக் கூப்பிடுகிற மலாய்ச் சொல். "சாட் ரூமா" என்று சொல்லி, கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். சுவருக்குச் சாயம் அடிக்கிற கை அது. அவர் ஊரில் வீடுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாராம், அவர் அப்பாவுக்கும் அதே வேலையாம். சயாமில் இதே வாத்தியார் வேலை பார்த்தபோதும் யாரும் கேட்கவில்லை, இங்கேயும் யாரும் கேட்கவில்லை. முகத்தைத் தொட்டுக் காட்டி, "இதுதான் என் சர்ட்டிபிகேட்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை.

"என் மக பேசுறதுல தப்பு இருக்கா?"

"இருக்கு. காதுல கேக்குது. ஆனா ஏன் தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த டீச்சருக்குத் தெரியும்."

உண்மையைச் சொன்னார் என்று பாராட்டுவதா, இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பதா? மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். மகளை அவர் வகுப்பிலிருந்து நிறுத்தினேன். முதலாளி குதித்தார். "ஒங்க மகளே நின்னுட்டா மத்தவங்க என்னா நெனப்பாங்க? காசில்லாமதானே ஒக்காந்துச்சு?" மகளும் அழுதாள். பலநாள் என்னோடு பேசவில்லை. அடம்பிடித்தபடியே டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தாள்.

பரீட்சை முடிந்து மேட்ரன் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"ரெண்டு வாயும் மாறி மாறி வந்துச்சும்மா. அவரு மாதிரி ஆரம்பிச்சேன். டீச்சர் ஞாபகம் வந்து நிறுத்திட்டேன். நிறுத்துனதும் ஒண்ணுமே வரல. அடுத்த வருஷம் வந்து பாருன்னுட்டாங்க." பஸ்சில் ஏறிய பிறகு, "நீ அவருகிட்டேயே விட்டிருந்தா நிக்காமயாச்சும் பேசியிருப்பேன்" என்றாள்.

இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ஆரம்பத்திலேயே டீச்சரிடம் இருந்திருந்தால் என்று நான் சொன்னால், அப்போது வாயே திறந்திருக்கமாட்டேன் என்பாள். அதுவும் உண்மைதான்.

மகள் சட்டைத் தொழிற்சாலைக்குப் போனாள். வெள்ளைக்காரர் சாப்பு அடிக்க சயாம் போனவர் திரும்பி வரவில்லை. பலகையில் அவர் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

ஜனவரியில் பள்ளி திறக்கிற சமயம், பெற்றோர்கள் பிள்ளைகளைச் சேர்க்க வந்து மாடி நிறைய நின்றார்கள். முதலாளி ஒரு புது வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். எல்லோரும் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார்கள். வயதான ஒருவர் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். நான் வாளியோடு நின்றேன். கால் அசையப் பார்த்தது, அசையவிடவில்லை. தையல் மெஷின் சத்தம் காதிலிருந்து போகவில்லை என்று மகள் வீட்டில் படுத்துக் கிடந்தாள்.

"துவான் முன்ன என்னா வேலை செஞ்சிங்க?" என்று மலாயில் கேட்டேன். என் குரல் எல்லோருக்கும் கேட்டது.

அவருக்கு மலாய் தெரியாது. முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "யக்கா, கீழ போயி தேத்தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றார். அப்போது சின்னப் பிள்ளைகளின் வகுப்பு வாசலில் இருந்து டீச்சர், நான் கேட்டதை அப்படியே இங்கிலீஷில் கேட்டார், நிறுத்தி நிதானமாக. வெள்ளைக்காரர் சிவந்துபோய் என்னவோ சொன்னார்.

"ஹோட்டல்ல சமையல் வேலை பாத்தாராம்" என்று டீச்சர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னார்.

கூட்டத்தில் சலசலப்பு. ஒரு அம்மா, "பிள்ளைங்கள வறுத்து எடுப்பாரா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். "அவரு பேசட்டும். பிள்ளைங்க வாயத் தொறக்க அவரு வேணும். ஆனா நான் பின்னால ஒக்காருவேன். எந்தப் பிள்ளை எங்க தப்புதுன்னு நான் சொன்னதும் அவரு நிறுத்தணும். அஞ்சாம் பாரத்த எங்கிட்டக் குடுங்க, அவர எனக்கு ஒத்தாசைக்கு விடுங்க." அவ்வளவு பேர் பார்க்கும்போது முதலாளி வேறென்ன சொல்வார்?

சர்ட்டிபிகேட் வேண்டுமா வேண்டாமா என்று இப்போதும் என் பேரப்பிள்ளைகள் வாதாடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஜப்பானில் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். காகிதத்தின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. காகிதம் வைத்திருந்தும் ரூலரைத் தூக்கியவர்தானே எங்கள் டீச்சர்? ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. இந்த ஆள் தன் முதல் காயங்களை வேறு எங்கேயோ, ஒரு மண்டோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அது இல்லாத ஆளுக்கு இங்கேயே ஒரு மண்டோரைப் போடவேண்டும். இரண்டும் இல்லாமல் என் பிள்ளையை அவர் முன்னால் உட்காரவைக்க எனக்கு மனசு வராது, முகம் எந்த நிறமாக இருந்தாலும் சரி.

வேலை இல்லாத நாட்களில் மகளும் அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் நான் நடைவழியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். மகள் எழுந்து நின்று எதையோ பேசி முடித்தாள். சமையல்காரர், "குட்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சர் தொண்டையைக் கனைத்தார். சமையல்காரர் வாயை மூடிக்கொண்டார், காதைச் சொறிந்தார், பிறகு கையைச் சுழற்றி இன்னொரு தடவை சொல்லு என்று காட்டினார். மகள் மறுபடி சொன்னாள், நிதானமாக. அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

அந்த வருஷக் கடைசியில் மேட்ரன் அவளை எடுத்துக்கொண்டார்.